சூப்பர்வைசராகப் புதிதாக வந்திருக்கிறீர்களா? ஆட்களை நியாயமாக நடத்த ஒரு வழிகாட்டி

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒருவர் பொறுப்புக்கு வருவது பெரும்பாலும் திடீரென்றுதான் நடக்கும். நாகர்கோவில் துணிக்கடையில் பல வருடம் சேலைப் பிரிவில் நின்றவரைக் கூப்பிட்டு, நாளை முதல் இந்த மாடிக்கு நீங்கள்தான் பொறுப்பு என்பார்கள். மார்த்தாண்டம் பக்கத்து அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், பருப்பு தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா, பழைய சூப்பர்வைசர் நின்றுபோனதும் அந்த இடத்துக்கு வருவார். வளைகுடாவில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு வந்தவர் தக்கலையிலோ கருங்கலிலோ ஒரு ஹோட்டல் தொடங்கி, பன்னிரண்டு பேருக்கு முதலாளி ஆவார். பில் போட, சரக்கு எண்ண, கணக்கு முடிக்க எல்லாம் இவர்களுக்குத் தெரியும். ஆட்களை எப்படி நடத்துவது என்று மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் தங்களை மேலே இருந்தவர் எப்படி நடத்தினாரோ அப்படியே இவர்களும் நடத்தத் தொடங்கிவிடுகிறார்கள். திட்டு வாங்கி வளர்ந்தவர் திட்டுகிறார். இது இப்படியே தொடரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படிப்படியாகப் போவதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்பவர் தனக்குப் பிடிக்காத முடிவைக்கூட ஏற்றுக்கொள்வார். கேட்ட விடுப்பு கிடைக்காமல் போகலாம், சம்பள உயர்வு தள்ளிப்போகலாம், அதையெல்லாம் பொறுத்துக்கொள்வார். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல், காரணம் சொல்லாமல், நாலு பேர் முன்னால் மட்டம் தட்டி எடுத்த முடிவை மட்டும் மறக்க மாட்டார்.

அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்டு கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரங்களுக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் குறைத்தார்கள். ஒன்றில் நிறுவனத் தலைவரே வந்து, ஒன்றரை மணி நேரம் இருந்து, கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். சம்பள வெட்டு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பொருள் களவு போவது இரண்டு இடத்திலும் கூடியது. ஆனால் கால் மணி நேரத்தில் முடித்த இடத்தில் அது மிக அதிகமாகக் கூடியது. வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம். சம்பளத்தைக் குறைப்பதா வேண்டாமா என்பது பல நேரம் உங்கள் கையில் இருக்காது. எப்படிச் சொல்கிறீர்கள் என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. இனி வரும் படிகள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

படி 1: முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

பொறுப்பு கிடைத்த மறுநாளே புதுச் சட்டம் போடும் ஆசை வரும். வேண்டாம். முதல் வாரம் கேட்பதற்கு. ஒவ்வொருவரிடமும் தனியாகக் கால் மணி நேரம் பேசுங்கள். கழிவறை சுத்தம் செய்பவர், வாட்ச்மேன், சுமை இறக்குபவர் யாரையும் விட்டுவிடாதீர்கள். பெயரை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு மூன்று கேள்வி போதும்: இங்கே உங்களுக்கு எந்த வேலை ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது? முன்னால் இருந்தவர் தருகிறேன் என்று சொல்லி இன்னும் தராதது ஏதாவது இருக்கிறதா? வேலை முடிந்து எந்தப் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறீர்கள்?

மூன்றாவது கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் குலசேகரம், பேச்சிப்பாறை, ராஜாக்கமங்கலம் என்று தூரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்குக் கடைசிப் பஸ்தான் எல்லாம். கடையை அடைத்த பிறகு 'ஒரு பத்து நிமிஷம் சேலைகளை மடித்து வைத்துவிட்டுப் போங்கள்' என்று நீங்கள் சொல்வது, வடசேரி பஸ் நிலையத்தில் ஒருத்திக்குக் கடைசிப் பஸ் தவறிப்போவதில் முடியலாம். அப்புறம் அவளுடைய அண்ணனோ கணவரோ பைக்கில் இருபது கிலோமீட்டர் வர வேண்டும். இது தெரிந்தால் மடிக்கும் வேலையை எட்டரைக்கே தொடங்கச் சொல்வீர்கள். தெரியாவிட்டால், இவள் எப்போதும் ஓடுவதிலேயே குறியாக இருக்கிறாள் என்று நினைப்பீர்கள்.

கேட்கக்கூடாத கேள்வியும் உண்டு. 'ஊரு எங்க? எந்தச் சபை? எந்தக் கோயில்? அப்பா யாரு?' இந்த வரிசை எங்கே போய் நிற்கும் என்று இந்த மாவட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். சாதியையும் மதத்தையும் தெரிந்துகொண்டுதான் பேசத் தொடங்குவேன் என்று நீங்கள் சொல்லாமல் சொல்கிறீர்கள். அதன் பிறகு நீங்கள் எடுக்கும் எந்த முடிவுக்கும் ஆட்கள் அங்கேதான் காரணம் தேடுவார்கள். பஸ்ஸைப் பற்றிக் கேட்டாலே ஊர் தெரிந்துவிடும். அதற்கு மேல் வேண்டியதில்லை.

வாரக் கடைசியில் எந்த வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். 'கேட்டேன், எழுதி வைத்திருக்கிறேன், பதினைந்து நாளுக்குள் எதைச் செய்ய முடியும், எது முடியாது என்று சொல்கிறேன்' என்றால் போதும். அப்படிச் சொன்னால் அந்தத் தேதிக்குள் கட்டாயம் பதில் சொல்லிவிடுங்கள்.

படி 2: கூப்பிடும் விதத்தைச் சரிசெய்யுங்கள்

'எடே', 'லே' எல்லாம் நண்பர்களுக்குள் அன்பாக வருகிற கூப்பாடுதான். அதையே இருபத்தெட்டு வயதுப் பொறுப்பாளர் ஐம்பது வயதுக்காரரைப் பார்த்துச் சொன்னால் அதில் அன்பு எதுவும் இல்லை. அந்த மனிதருக்கு உங்கள் வயதில் மகன் இருப்பான். அண்ணே, அக்கா என்று கூப்பிடுங்கள், அல்லது பெயரோடு 'நீங்க' போடுங்கள். உங்களைவிடச் சின்னவர்களைத் தம்பி, மக்கா என்று கூப்பிடுவது நம் ஊரில் இயல்புதான். ஆனால் ஆளுக்கு ஆள் மாறக் கூடாது. பில் போடும் பட்டதாரிப் பெண்ணை 'நீங்க' என்றும், தரை துடைக்கும் அம்மாவை 'நீ' என்றும் கூப்பிட்டால், இந்த இடத்தில் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்கிறீர்கள்.

இந்த மண்ணில் இது சின்ன விஷயமே இல்லை. கூலி கொடுக்காமல் வேலை வாங்கும் ஊழியம் இங்கே வழக்கத்தில் இருந்தது. தோளை மறைத்துச் சேலை உடுத்தும் உரிமைக்காகப் பெண்கள் திருவிதாங்கூர் ஆட்சியில் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859 ஜூலை 26-ஆம் தேதிதான் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் ஆணை வந்தது. தலைப்பாகை கட்டக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களை, தலைப்பாகை கட்டியே வழிபட வரச் சொன்னார் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர். அந்த மக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உங்கள் கவுண்டரிலும் சமையலறையிலும் நிற்கிறார்கள். தன்னை யாராவது தாழ்த்திப் பேசினால் இங்கே உள்ளவர்களுக்கு உடனே உறைக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

டீ கிளாஸும் இதில் சேரும். சுத்தம் செய்பவருக்கு என்று தனியாக ஒரு பழைய கிளாஸ் எங்காவது வைக்கப்பட்டிருந்தால், முதல் நாளே அதை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே கிளாஸ் வாங்குங்கள். முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள் என்றதற்கு இது மட்டும் விதிவிலக்கு. இதற்கு மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

படி 3: வேலைப் பட்டியலை எழுதி ஒட்டுங்கள்

எந்த வேலை இடத்திலும் முணுமுணுப்பு அதிகம் வருவது ஷிப்டிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான். யாருக்கு ஞாயிறு ஓய்வு, யாருக்குச் செவ்வாய் ஓய்வு? ஏசி இருக்கும் தளத்தில் யார், வெயில் அடிக்கும் வாசலில் யார்? கிறிஸ்துமஸ், தீபாவளிக் கூட்டத்தில் யார் இரவு வரை நிற்பது? இவற்றைப் பொறுப்பாளர் தன் தலைக்குள் வைத்துக்கொண்டு அன்றன்று சொல்வார். அவர் மனதில் கள்ளம் இல்லாவிட்டாலும் பார்க்கிறவர்களுக்கு அப்படித் தெரியாது.

ஒரு தாளில் எழுதி, வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில், இரண்டு வாரத்துக்கு முன்பே ஒட்டுங்கள். எந்த விதிப்படி போட்டீர்கள் என்று மேலே ஒரு வரி: 'ஞாயிறு ஓய்வு வரிசைப்படி மாறும்', 'வாசல் வேலை ஆளுக்கு இரண்டு நாள்'. யாருக்காவது மாற்ற வேண்டும் என்றால் இன்னொருவரோடு பேசி வைத்துக்கொண்டு உங்களிடம் சொல்லலாம் என்பதையும் எழுதுங்கள்.

ஜெரால்டு லெவென்தால் என்ற ஆய்வாளர் 1980-இல், ஒரு நடைமுறையை மக்கள் நியாயம் என்று ஏற்க ஆறு அம்சங்கள் வேண்டும் என்று வகுத்தார். எல்லோருக்கும் எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முடிவெடுப்பவரின் சொந்த விருப்பு அதில் கலக்கக் கூடாது. சரியான தகவலை வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். தவறினால் திருத்த வழி வேண்டும். பாதிக்கப்படுகிறவர்களின் பேச்சுக்கு இடம் வேண்டும். அறத்துக்குப் பொருந்த வேண்டும். உங்கள் பட்டியலை ஒட்டும் முன் இந்த ஆறையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நான்காவதும் ஐந்தாவதும்தான் விட்டுப்போயிருக்கும்.

சரியான தகவல் என்பதற்கு அண்டி ஆபீஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. எடைக்குக் கூலி என்றால் தராசுதான் அங்கே நீதிபதி. தோட்டின் எண்ணெய் பட்டுக் கை கறுத்துப்போக நாள் முழுக்க உடைத்த பெண், தன் பருப்பு எடை போடப்படும்போது தராசின் முள்ளையோ அதில் தெரியும் எண்ணையோ தன் கண்ணால் பார்க்க வேண்டும். எடையைச் சத்தமாகச் சொல்லி, அவள் சீட்டிலும் உங்கள் பதிவேட்டிலும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். உடைந்த பருப்புக்குக் கழிக்கிறீர்கள் என்றால் எவ்வளவு, ஏன் என்று அங்கேயே சொல்லுங்கள். ரப்பர் தோட்டத்தில் மழையால் பால் வெட்டு நின்ற நாட்களுக்கும் இதே கதைதான்: அந்த நாட்களுக்கு என்ன தருவீர்கள் என்பதை மழைக்காலம் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

உங்கள் உறவினர் யாராவது கீழே வேலை செய்தால் அவருடைய விடுப்பு, ஷிப்ட், சம்பள உயர்வு மூன்றையும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, அப்படிக் கொடுத்திருப்பதை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஆள் எடுக்கும்போது 'நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்' என்று வரும் சிபாரிசையும் மற்றவர்களுக்கு வைத்த அதே சோதனையில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

படி 4: கொடையும் திருவிழாவும்

வெளியூரிலிருந்து இங்கே மேலாளராக வருகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான் இவற்றோடு நம் வருடம் முடியாது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அம்மன் கோயில் கொடை விழா, ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் ஒரு திருவிழா. மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, மாசி 20-இல் அய்யா வைகுண்டர் அவதார தினம், டிசம்பர் 3-இல் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழா. கல்குளம், விளவங்கோடு பக்கம் ஓணமும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்கூட ஊர்க் கொடைக்கு லீவு போட்டு வருகிறார்கள். ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறவர் கடையில் நின்றுகொண்டு தூரத்து வெடிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றால் மனசு எப்படி இருக்கும்?

முதலில் சட்டம். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், இவை போக ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை. அந்த ஐந்து எவை என்பதில் ஊழியர்களையும் கேட்க வேண்டும். மூன்று மதத்தவரும் கலந்திருக்கும் இடத்தில் முதலாளி வீட்டுப் பண்டிகைகளை மட்டும் வைத்து ஐந்தை நிரப்புவது நியாயம் கிடையாது. டிசம்பரிலேயே எல்லோரையும் கூட்டி, வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள்.

அடுத்தது நடைமுறை. ஒரு பெரிய சுவர்க் காலண்டர் வாங்கி மாட்டுங்கள். வருடத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரும் தங்கள் ஊர்க் கொடை அல்லது திருவிழா நாளை அதில் எழுதட்டும். நாள் இன்னும் குறிக்கப்படவில்லை என்றால் மாதத்தை எழுதட்டும். அதை முதல் உரிமையாக நடத்துங்கள். ஒரே நாளில் நாலு பேர் கேட்டு இரண்டு பேரைத்தான் விட முடியும் என்றால், போன வருடம் போக முடியாதவருக்கு முன்னுரிமை. இந்த விதியைக் காலண்டர் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஊழியர்களின் சாப்பாட்டு இடைவேளையைச் சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றிக் கொடுங்கள். பெரிய வெள்ளியன்று மதியம் விட முடியுமா என்று முன்பே பாருங்கள்.

விடுப்பு கேட்டு இரண்டு நாளுக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். முடியாது என்றால் காரணத்தோடு. 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று கடைசி நாள் வரை இழுப்பதுதான் மிகப் பெரிய அவமரியாதை. அது வீட்டில் எல்லோரையும் காத்திருக்க வைக்கிறது. சாவு வீட்டு விடுப்புக்கு அத்தாட்சி கேட்காதீர்கள். போய்விட்டு வரட்டும், திரும்பி வந்ததும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

படி 5: சம்பளமும் பிடித்தமும்

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும். சம்பளச் சீட்டில் சம்பளமும் பிடித்தமும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது 1976-இலேயே சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டது. 2019 ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதைத் தடுக்கிறது.

அபராதம் என்பது நம் கடைகளில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஐந்து நிமிடம் பிந்தினால் இவ்வளவு, போன் எடுத்தால் இவ்வளவு என்று. சட்டம் இதற்கு இறுக்கமான எல்லை வைத்திருக்கிறது. எந்தெந்தக் குற்றத்துக்கு அபராதம் என்று முன்பே அறிவித்திருக்க வேண்டும். அந்த ஆளிடம் விளக்கம் கேட்காமல் போடக் கூடாது. ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தவணையாகப் பிடிக்கக் கூடாது. பிடித்த பணத்தை ஊழியர்களின் நன்மைக்குத்தான் செலவிட வேண்டும். என்னைக் கேட்டால், அபராதமே இல்லாமல் நடத்தப் பாருங்கள். தாமதத்துக்குக் காரணம் பஸ் என்றால் நேரத்தை மாற்றினால் தீரும். அலட்சியம் என்றால் அடுத்துவரும் படியில் சொல்கிறபடி பேசினால் தீரும்.

இருப்புக் குறைந்தால் அந்தப் பிரிவில் நின்ற எல்லோர் சம்பளத்திலும் பங்குபோட்டுப் பிடிக்கும் வழக்கத்தை உங்கள் காலத்தில் நிறுத்துங்கள். யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாதது நிர்வாகத்தின் குறை. அதற்காக ஒன்றும் செய்யாத ஐந்து பேரைத் தண்டிப்பது எந்தக் கணக்கிலும் நியாயம் ஆகாது.

படி 6: தவறைச் சுட்டிக்காட்டும் முறை

தனியாகக் கூப்பிடுங்கள். அன்றே பேசுங்கள், பழையதைச் சேர்த்து வைத்து ஒருநாள் கொட்டாதீர்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். 'அக்கா, நேத்து சாயங்காலம் பில்லுல ரெண்டு சேலை விட்டுப்போயிருக்கு. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வரும் வரை காத்திருப்பதுதான் இதில் கஷ்டமான பாகம். 'ஒங்களுக்குக் கண்ணு தெரியாதா, வீட்டு நெனப்புலதான் இருப்பீங்களா' என்று தொடங்கினால் பில்லைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அந்த அக்கா தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார், அல்லது அழுவார். என்ன நடந்தது என்று கடைசிவரை உங்களுக்குத் தெரியவே வராது. கம்ப்யூட்டர் நின்றுபோயிருக்கலாம், மூன்று குடும்பம் ஒரே நேரத்தில் நின்றிருக்கலாம்.

வாட்ஸ்அப் குழுவில் யாரையும் கண்டிக்காதீர்கள். முன்பு பத்துப் பேர் முன்னால் நடந்த அவமானம் இப்போது எழுத்தாக நிற்கிறது, இரவு வீட்டில் பிள்ளைகள் கையில் இருக்கும் போனிலும் அது தெரிகிறது. பாராட்டு குழுவில் வரட்டும், திருத்தம் நேரில் வரட்டும்.

வாடிக்கையாளர் முன்னால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் ஊழியர்கள் மிகக் கவனமாகப் பார்ப்பார்கள். ஒருவர் சத்தம் போடுகிறார், 'இந்தப் பொண்ண மொதல்ல வேலைய விட்டு அனுப்புங்க' என்கிறார். அவரைச் சமாதானப்படுத்துவதற்காக அந்த இடத்திலேயே ஊழியரைத் திட்டிக் காட்டுவது பல கடைகளில் பழகிப்போன நாடகம். செய்யாதீர்கள். 'சார், என்கிட்ட சொல்லுங்க, நான் பார்த்துக்கிறேன்' என்று நடுவில் போய் நில்லுங்கள். அந்தப் பெண்ணை உள்ளே அனுப்பித் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். தவறு அவளுடையதாகவே இருந்தாலும் பிறகு தனியாகப் பேசலாம். வாடிக்கையாளர் கெட்ட வார்த்தை பேசினாலோ கையை ஓங்கினாலோ, வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று அவரை வெளியே அனுப்புங்கள்.

படி 7: உட்கார ஒரு இடம்

2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்து, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி செய்துகொடுப்பது கட்டாயமானது. கேரளம் 2018-லேயே கொண்டுவந்தது. ஆனால் நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தவரை முறைத்துப் பார்த்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆள் இல்லாத நேரத்தில் நீங்களே 'உக்காருங்க' என்று சொல்லுங்கள். தொடர்ந்து நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர இடைவேளை, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதெல்லாம் 1947-இன் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கழிவறைக்குப் போக அனுமதி கேட்க வைக்காதீர்கள். எத்தனை முறை போனார்கள் என்று எண்ணாதீர்கள்.

படி 8: பெண்களின் பாதுகாப்பு

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு ஓர் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த நிலையில் உள்ள பெண் தலைவர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துக்கும் குறைவான ஆட்கள் உள்ள இடத்துக்கும், முதலாளி மேலேயே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். இதை எழுதிப் பெண்கள் ஓய்வெடுக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

யாராவது உங்களிடம் வந்து சொன்னால், 'அவன் அப்படிப்பட்ட ஆளு இல்லையே' என்பதோ, 'வெளிய தெரிஞ்சா ஒனக்குத்தான் பேரு கெடும்' என்பதோ உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. முழுசாகக் கேளுங்கள், எழுத உதவுங்கள், குழுவிடம் கொண்டுபோங்கள். நீங்களே பஞ்சாயத்துப் பேசி முடிக்காதீர்கள். புகார் சொன்னவரை 'பாதுகாப்புக்காக' வேறு கிளைக்கு மாற்றுவதும் தண்டனைதான், அவரே கேட்டாலொழிய.

படி 9: வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள்

ஹோட்டல் சமையலறையிலும் கட்டட வேலையிலும் அசாம், ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். எல்லோரையும் 'பாய்' என்றோ 'ஹிந்திக்காரன்' என்றோ கூப்பிடுவதை நிறுத்துங்கள், ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது. ஆதார் அட்டையின் நகலை வைத்துக்கொள்ளலாம், அசலை வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது. சம்பளக் கணக்கை அவர்களுக்குப் புரியும் மொழியில், தேவைப்பட்டால் அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து, விளக்குங்கள். வளைகுடாவில் பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டுத் தவித்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. அந்தத் தவிப்பை நாம் இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

படி 10: உங்கள் மேல் குறை சொல்ல ஒரு வழி

இதைச் செய்கிறவர்கள் குறைவு. உங்கள் முடிவு தவறு என்று ஒருவர் நினைத்தால் யாரிடம் சொல்வது? முதலாளியோ இன்னொரு மேலாளரோ, ஒரு பெயரை எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் எல்லோரும் உட்காருங்கள். முதலில் பேசுவது நீங்களாக இருக்கக் கூடாது. தவறு உங்களுடையது என்று தெரிந்தால் தவறு நடந்த அதே கூட்டத்தின் முன்னால் சொல்லித் திருத்துங்கள். நாலு பேர் முன்னால் ஒருவரைச் சந்தேகப்பட்டுவிட்டுத் தனியறையில் மன்னிப்புக் கேட்டால், அந்த நாலு பேர் மனதில் அவர் மேல் விழுந்த சந்தேகம் அப்படியே நிற்கும்.

குறை சொன்னவரின் ஷிப்ட் அடுத்த வாரம் மாறியிருந்தால், மற்ற எல்லோரும் அன்றோடு வாயை மூடிவிடுவார்கள். அது தற்செயலாக நடந்திருந்தாலும் சரி. அந்த மாதம் அவருடைய பட்டியலில் கை வைக்காதீர்கள்.

படி 11: ஒருவரை அனுப்ப வேண்டி வந்தால்

சில நேரம் வேறு வழி இருக்காது. அப்போதும் முறை உண்டு. கடைகள் சட்டப்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நீக்க முடியாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும். ஒழுங்கீனம் என்று சொல்லி முன்னறிவிப்பு இல்லாமல் நீக்குவதென்றால், முறையாக விசாரணை நடத்தி, ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று இரவு போனில் சொல்வது இந்த இரண்டிலும் சேராது.

நேரில் சொல்லுங்கள். வேலை முடியும் நேரத்தில், மற்றவர்கள் இல்லாத இடத்தில். காரணத்தை நேராகச் சொல்லி, அவர் பேசுவதைக் கடைசிவரை கேளுங்கள். உங்கள் முடிவு மாறாவிட்டாலும் கேளுங்கள். பையைச் சோதித்து வாசல் வரை ஆள் வைத்து அனுப்பாதீர்கள். பாக்கிச் சம்பளம் முழுவதும் இரண்டு வேலை நாட்களுக்குள் கையில் சேர வேண்டும் என்பது சட்டம், பத்து முறை அலையவிடாதீர்கள். அனுபவச் சான்றிதழை அவர் கேட்கும் முன்பே தட்டச்சு செய்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கடைசி நாளிலேயே கொடுங்கள். அடுத்த கடைக்காரர் உங்களுக்குப் போன் செய்து விசாரித்தால், எத்தனை வருடம், என்ன வேலை, எப்படிச் செய்தார் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள், அவர் வீட்டு விஷயத்தைப் பேசாதீர்கள். உங்களுக்கே எது முறை என்று சந்தேகம் வந்தால், ஆளை அனுப்பிவிட்டுப் போகாமல் அனுப்புவதற்கு முன்பே நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.